சம்பந்தியார் என்னிடம் கேட்ட ஒரேயொரு காரியம்

சென்ற வருடம் மாரிமழை பிடித்துக்கொண்ட கிழமை அது. வங்காலையில் இருந்து முதல் பஸ்ஸில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து பூநகரிப் பாதையால் போகும் பஸ்ஸில் ஏறி வெள்ளாங்குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தியார், முதல்நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தார். நெடுநாளாக மூச்சிழுப்பு வருத்தக்காரர். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால், பாதருக்குச் செய்தி போகும் அதே நேரத்தில் எனக்கும் ஆள் வரும். முப்பது வருடமாகச் செத்தவீடுகளில் செபமாலையை முன்னின்று சொல்கிறவள் நான். மெழுகுதிரியை எங்கே வைப்பது, பெட்டியை எப்போது மூடுவது, யார் முன்னால் நடப்பது என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். "நீ சொல்லுற சத்தத்துக்குச் செத்த ஆளே எழும்பிக் காணும், நிப்பாட்டு எண்டு சொல்லப்போகுது" என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அன்றும் பையில் மந்திரித்த மெழுகுதிரி, தீர்த்தப் போத்தல், செபப் புத்தகம், புதுச் செபமாலை ஒன்று எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

சம்பந்தி வீட்டார் லூத்தரன் சபைக்காரர். மாதா, புனிதர் சுரூபம் வைக்கமாட்டார்கள், அவர்களுடைய போதகருக்குப் பெண்சாதி பிள்ளைகள் உண்டு, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குமேல் கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவர் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் கலவரத்துக்குப் பயந்து தகப்பனோடு வன்னிப் பக்கம் வந்து, வெள்ளாங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். அங்கே அவர்கள் சபைக்குக் கோயில் இல்லை. வருடத்தில் ஒன்றிரண்டு தரம் மலைநாட்டில் இருந்து போதகர் வந்து வீட்டிலேயே ஆராதனை வைத்துவிட்டுப் போவாராம்.

நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. முற்றத்தில் தறப்பாள் கட்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். உள்ளே விறாந்தையில் பெட்டி. சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் வாய் திறக்காமல் இருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி இல்லை. விரல்களில் செபமாலை இல்லை. செபம் சொல்ல ஒரு சீவன் இல்லை. பாவங்கள், இனசனமெல்லாம் மலைநாட்டில், அயலெல்லாம் சைவ ஆட்கள், எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆளில்லாமல் திகைத்துப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் அழவில்லை. என் முதுகைத் தடவிவிட்டார். பிறகு நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

மெழுகுதிரியைக் கொளுத்தித் தலைமாட்டில் வைத்தேன். தீர்த்தம் தெளித்தேன். புதுச் செபமாலையை எடுத்துச் சம்பந்தியாரின் விரல்களுக்கிடையில் வடிவாகச் சுற்றிவிட்டேன். முழந்தாளில் நின்று செபமாலையைத் தொடங்கினேன். முதல் மந்திரம் முடிந்தது. மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லை. என் மகள் மட்டும் கதவோரம் நின்று முணுமுணுத்தாள். சொல்லத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இன்னும் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். சைவ ஆட்கள் கைகட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி, மரித்தவர்களுக்கான பிரார்த்தனையும் சொல்லி முடித்து எழும்பிப் பார்த்தபோது, சம்பந்தியம்மா விறாந்தையில் இல்லை. மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, என்ன வேலை செய்து போட்டீங்கள்?"

"என்னடி செய்தனான்? ஒருத்தரும் செபம் சொல்லாமல் இருந்தவை, நான் சொன்னனான்."

"இவையள் செத்தவைக்காகச் செபிக்கிறேல்லை."

எனக்கு விளங்கவில்லை. செத்தவருக்காகச் செபிக்காமல் வேறு யாருக்காகச் செபிப்பது? "அப்ப ஆத்துமம் என்ன செய்யும்? மோட்சத்துக்குப் போகேலாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலயே கிடக்கட்டோ?" என்று கேட்டேன்.

"இவையளுக்கு உத்தரிக்கிற ஸ்தலமே இல்லையம்மா."

"இல்லையோ? அப்ப ஆள் இப்ப எங்க?"

"கடவுளிட்டப் போய்ச் சேந்தாச்சு. கிறிஸ்து எல்லாத்தையும் செய்து முடிச்சிட்டார், இனி ஆக்கள் சிபாரிசு பண்ணத் தேவையில்லை எண்டுதான் மாமா சொல்லுவார். சாவீட்டில பாட்டுப் பாடுறது, வேதம் வாசிக்கிறது, இருக்கிற ஆக்களுக்கு ஆறுதல் கேட்டுச் செபிக்கிறது. அவ்வளவுதான் இவையின்ர முறை."

அவள் பேசிக்கொண்டே போனாள். வாழ்நாள் முழுக்க நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் ஒன்று, ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததும் எப்படிப் பிழையாகும்? கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட வாயெடுக்கும்போதுதான் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா உங்களிட்ட ஒரேயொரு காரியம்தானே அம்மா கேட்டவர்."

அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கலியாணம் பேசி வந்திருந்தார்கள். கலியாணம் எங்கள் கோயிலில்தான் நடக்கவேண்டும் என்றேன். "சரிங்க" என்றார். பிறக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்றேன். அதற்கும் "சரிங்க" என்றார். பாதரும் என் வீட்டுக்காரரும் என் பக்கத்தில் இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அவரும் சம்பந்தியம்மாவும் மட்டும். எழும்பிப் போகிற நேரம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, "எல்லாம் உங்க இஷ்டப்படியே செய்யலாம்ங்க. நான் செத்தா மட்டும் எங்க முறைப்படி அடக்கம் பண்ண விட்டுருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல காரியம் கதைக்கிற இடத்தில சாவைப் பற்றிக் கதைக்கிறியளே! ஓம் ஓம், அதுக்கென்ன" என்று நான் சிரித்துவிட்டேன். சொன்னதையும் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் தன் சொல்லை ஒன்றும் பிசகாமல் காப்பாற்றினார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வங்காலைக்கு வந்து, எங்கள் கோயிலின் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போனார். நான் என்னடா என்றால் அவருடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று என் சொல்லை மீறிப் போட்டேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. விறாந்தைக்கு ஓடினேன். சம்பந்தியம்மா திரும்பவும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். "செபமாலையை எடுத்துவிடட்டோ?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ங்க சம்பந்தியம்மா. அன்பாதான செஞ்சீங்க" என்றார் அவர்.

"எடுங்கோ மாமி. அப்பா சொன்னபடி செய்வம்" என்றார் மருமகன், நிமிர்ந்து பார்க்காமல்.

யார் சொல்வதைக் கேட்பது? எடுத்தால், நான் சங்கடப்படக்கூடாது என்பதற்காக இருக்கட்டும் என்ற அந்த அம்மாவின் சொல்லைத் தட்டியது போலாகும். எடுக்காவிட்டால் செத்தவருக்குக் கொடுத்த வாக்கு போகும். அதைவிட எனக்குள் இன்னொரு பயம். பிரேதத்தின் கையில் இருந்து செபமாலையைக் கழற்றியதை நான் எங்கும் பார்த்ததில்லை. அது பாவமா? பாதருக்குப் போன் எடுத்துக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் குனிந்து, "சம்பந்தியார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கழற்றத் தொடங்கினேன். விரல்கள் விறைத்திருந்தன. சுற்றும்போது எவ்வளவு சுலபமாகச் சுற்றினேன்! கழற்ற ஐந்து நிமிடம் எடுத்தது. மெழுகுதிரியையும் அணைக்கப் போனேன். "அது எரியட்டும்ங்க, எப்ப கரண்டு போகும்னு தெரியாது" என்றார் சம்பந்தியம்மா.

பதினொரு மணிக்கு அடுத்த குழப்பம் வந்தது. மலைநாட்டில் மண் சரிந்து பாதை அடைபட்டு, போதகர் பாதி வழியில் நிற்கிறார் என்று போன் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மருமகன் வேலியோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். அடக்கத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. பழுதாகாமல் இருக்க மருந்து ஏற்றாத உடம்பு. மயானமோ பள்ளக்காணி. இன்னொரு மழை பெய்தால் குழியில் பெட்டியை இறக்க முடியாது என்று வெட்டப் போனவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முற்றத்தில் ஆளுக்கொரு யோசனை. வேறொரு சபைப் போதகரைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். பக்கத்து ஊர்ப் பாதரைக் கேட்போம் என்றார் இன்னொருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு செத்தவீட்டில், "என்னைக் கேளாதேங்கோ, வீட்டாக்களைக் கேளுங்கோ" என்றேன்.

போனில் போதகர்தான் சொன்னார். "ஆராதனைப் புத்தகம் வீட்டுல இருக்குல்ல? அதுல அடக்க முறைமை இருக்கு. நான் இல்லாட்டிப் பரவாயில்ல, குடும்பத்துல ஒருத்தர் வாசிச்சா போதும். நான் இங்க இருந்து உங்களுக்காக ஜெபம் பண்றேன்." உங்களுக்காக என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லைக் கவனிக்கிற அளவுக்கு அதற்குள் எனக்குப் பாடம் ஏறியிருந்தது.

சம்பந்தியம்மா அலுமாரியில் இருந்து மூன்று பொருட்களை எடுத்துவந்தார். ஒன்று அந்த ஆராதனைப் புத்தகம். மற்றது பாட்டுப் புத்தகம். மூன்றாவது நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு நூலால் சிலுவை தைத்திருந்தது. ஞானஸ்நானத்தில் உடுத்தும் வெள்ளையின் நினைவாகப் பெட்டியை மூடுவதற்காம். இரண்டு வருடத்துக்கு முன்பே சம்பந்தியாரே துணி வாங்கிக் கொடுத்துத் தைக்கச் சொன்னாராம். பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அவர் எழுதி வைத்திருந்தார், எந்தப் பாட்டு முதலில், எந்த வேதபாகம், எந்தப் பாட்டோடு மண் போடுவது என்று. கடைசி வரி இப்படி இருந்தது: "பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும்."

இரண்டு மணிக்குத் தொடங்கினோம். முதல் பாட்டு பாடினார்கள். மெட்டுத் தெரிந்தது சம்பந்தியம்மாவுக்கும் மருமகனுக்கும் மட்டும். மகளுக்குப் பாதி தெரியும். பிறகு மருமகன் புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார். தகப்பனின் பெயரைச் சொல்லவேண்டிய இடம் முதல் பக்கத்திலேயே வந்தது. அந்தப் பெயரைச் சொல்ல அவரால் முடியவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்தார். குரல் உடைந்து, புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். மகளின் கையில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. வெளியே மேகம் கறுத்தது.

சம்பந்தியம்மா மகனின் கையில் இருந்து புத்தகத்தை வாங்கி, நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க வாசிங்க சம்பந்தியம்மா. உங்களுக்குத்தான் நல்ல குரல். காலையில கேட்டமே" என்றார். குத்திக்காட்டினாரா இல்லை உண்மையாகத்தான் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுல எழுதியிருக்கறத மட்டும் வாசிங்க" என்றார்.

எழுதியிருப்பதை மட்டும். பார்த்தால் எவ்வளவு சின்ன விடயம்! எனக்கு அது மலையாகத் தெரிந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துச் செபம் சொல்கிறவள் அல்ல. வாயைத் திறந்தால் முப்பது வருடப் பழக்கம் தானாக ஓடி வரும். ஒரு சொல் தவறி வந்தாலும் காலையில் மன்னிப்புக் கேட்டதற்கு அர்த்தமில்லை. வரிக்கு வரி விரலை வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போன பிள்ளை மாதிரி வாசித்தேன். இவருடைய வாழ்நாளுக்காகவும் இவர் மூலம் கிடைத்த நன்மைகளுக்காகவும் நன்றி என்று ஒரு செபம் வந்தது. அடுத்தது ஆத்தும இளைப்பாற்றிக்காக வரும் என்று என் நாக்கு ஆயத்தமாக நின்றது. வரவில்லை. அடுத்த செபம் அழுகிறவர்களுக்காக என்றிருந்தது.

மயானத்துக்கு எல்லாருமாக நடந்தோம். குழியின் அடியில் ஒரு சாண் தண்ணீர். பெட்டியை இறக்கினார்கள். நான் வாசிக்க வாசிக்க மருமகன் மூன்று தரம் மண் போட்டார். கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லும்போது என் வாயில் தந்தை என்று வந்தது, அவர்கள் வாயில் பிதா என்று வந்தது. நான் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவர்கள் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று இன்னும் ஒரு வரி சொன்னார்கள். நான் ஆமென் ஒன்றை முந்திச் சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன்.

புத்தகத்தில் இருந்தது முடிந்துவிட்டது. ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். எங்கள் சேமக்காலையில் அடக்கம் என்றால் மண் விழுகிற அந்த நேரம்தான் நான் குரலை உயர்த்துகிற நேரம். குழி மூடி முடியும்வரை விடமாட்டேன். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அமைதியில் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. "பாத்துப் போடுங்கப்பா. அவருக்கு ஈரம் ஆகாது."

அவர் எழுதிவைத்த கடைசி வரியின்படியே எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அயல்வீட்டுக்காரர் சோறும் பருப்பும் சமைத்து வைத்திருந்தார்கள். பின்னேர பஸ்ஸுக்கு நான் பையைத் தூக்கியபோது சம்பந்தியம்மா பின்னாலேயே வந்து வேலியோரம் என்னை நிறுத்தினார்.

"ஒன்னு கேக்கணும்ங்க. போதகர் வர நாளாகும், உங்ககிட்ட கேக்கறேன். இத்தனை வருஷமா படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுவோம். அவரு என் பேரச் சொல்லுவாரு. நான் அவரு பேரச் சொல்லுவேன், கர்த்தாவே இவருக்கு மூச்சு முட்டாமப் பாத்துக்கன்னு. இன்னைக்கு அந்த இடம் வந்தா நான் என்ன சொல்றது? பேர விட்டுட்டுத் தாண்டிப் போயிரணுமா?"

என்னிடமா கேட்கிறார்! காலையில் அத்தனையும் பிழையாகச் செய்த என்னிடம்! தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"புத்தகத்தில நன்றி சொல்லுற செபம் ஒண்டு வாசிச்சனான்தானே. அவருக்காகக் கேக்கிற இடத்தில சொல்லாதேங்கோ. நன்றி சொல்லுற இடத்தில அவற்ற பேரைச் சொல்லுங்கோ" என்றேன்.

"அப்ப பேரு சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்."

அன்று முழுக்க அழாத மனுசி அப்போதுதான் என் தோளில் சாய்ந்து அழுதார். பஸ் போய்விட்டது. நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

நான் சொன்னது அவர்கள் சபைக்குச் சரியா, எங்கள் சபைக்குச் சரியா என்று எந்தப் பாதரிடமும் எந்தப் போதகரிடமும் நான் இன்றுவரை கேட்கவில்லை. மரித்தோருக்கான பூசைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது அவருடைய பெயரை எழுதுவதா விடுவதா என்று பேனையோடு நெடுநேரம் இருந்தேன். எழுதவில்லை. என் சொந்த மனதுக்கு அது பெரிய பாரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவருடைய முறைப்படி விடுகிறேன் என்று கொடுத்த வாக்கு அது. இப்போதும் ஊரில் செத்தவீடுகளுக்குப் போகிறேன், செபமாலை சொல்கிறேன், குரலும் குறையவில்லை. ஒன்று மட்டும் முன்புபோல் இல்லை. செபத்துக்கும் செபத்துக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். அன்று மயானத்தில் வாய் மூடி நின்றிராவிட்டால் அந்த அம்மா என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். முப்பது வருடத்தில் இப்படி எத்தனை பேருடைய கேள்விகள் என் சத்தத்துக்குள் அமுங்கிப் போயினவோ என்ற நினைப்புத்தான் இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.